கப்பல் ரேடியோ நிலையம்: பேட்டரியிலிருந்து பதிவேடு வரை, சோதனையும் பராமரிப்பும்

கப்பலின் கட்டுப்பாட்டு அறையான பிரிட்ஜில் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் ஜிஎம்டிஎஸ்எஸ் (கடல் அபாயத் தொடர்புக்கான உலகளாவிய ரேடியோ முறை) சோதனையைப் பெரும்பாலும் ரேடியோ பெட்டியின் திரையிலிருந்து தொடங்குகிறார்கள். "டெஸ்ட் ஓகே" என்று வந்ததும் பதிவேட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தச் செய்தி பெட்டிக்குள் இருக்கும் சுற்றுகளைப் பற்றி மட்டுமே சொல்கிறது. கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே, மின்சாரத்திலோ ஆண்டெனாவிலோ கேபிள் முனையிலோ இருக்கும். அதனால் இங்கே வரிசை தலைகீழ்: முதலில் பேட்டரி, பிறகு ஆண்டெனா, அதன்பின் கருவிகள், கடைசியில் பதிவேடு.

1. கை வைக்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, டிஸ்டில்டு வாட்டர், பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும், எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆண்டெனாவிலிருந்து திரும்பிவரும் சக்தியின் அளவைக் காட்டுவது), தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், வாசலின், சரியான அளவில் உபரி ஃபியூஸ்கள், போன மாத அளவீடுகள் உள்ள பதிவேடு. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் எடுத்துவருவதில்லை. பழைய எண் பக்கத்தில் இல்லாமல் புதிய எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

மாஸ்டருக்கும் வாட்ச் அதிகாரிக்கும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கருவியை இயக்குபவரிடம் செல்லுபடியாகும் ஜிஓசி (பொது இயக்குநர்) சான்றிதழ் இருக்க வேண்டும். ஏ1 கடற்பகுதியில் (கரையின் குறுந்தூர விஎச்எஃப் ரேடியோ எட்டும் எல்லை) மட்டும் ஓடும் கப்பலுக்கு ஆர்ஓசி (வரையறுக்கப்பட்ட இயக்குநர் சான்றிதழ்) போதும்.

கப்பல் துறைமுகத்தில் எண்ணெயோ வாயுவோ ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் எம்எஃப்/எச்எஃப்பில் (நடுத்தர, நெடுந்தூர ரேடியோ) அனுப்பக் கூடாது. ஆண்டெனாவில் எழும் உயர் மின்னழுத்தம் பொறியை உண்டாக்கும். அங்கே விஎச்எஃப்பும் 1 வாட்டில்தான். ஆண்டெனா பக்கம் ஏறுவதானால் ரேடாரையும் டிரான்ஸ்மிட்டரையும் நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "ஆள் மேலே இருக்கிறார்" என்ற பலகையைத் தொங்கவிடுங்கள். வெறும் சுவிட்சை நம்பி ஏறினால், கீழே யாராவது டெஸ்ட் பொத்தானை அழுத்திவிடக்கூடும்.

2. பேட்டரி: நாள்தோறும் மூன்று எண்கள்

பெரும்பாலான கப்பல்களில் ரேடியோவின் மாற்று மின்சாரம் 24 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரித் தொகுதி. எமர்ஜென்சி ஜெனரேட்டர் விதிப்படி இருந்தால் 1 மணி நேரமும், இல்லாவிட்டால் 6 மணி நேரமும் அது தாங்க வேண்டும். எவ்வளவு திறன் தேவை என்பதற்கு எளிய கணக்கு உண்டு: அனுப்பும்போது இழுக்கும் கரண்டில் பாதி, கேட்கும்போது இழுக்கும் கரண்ட், விளக்கு, ஜிபிஎஸ் போன்ற மற்ற சுமைகள். இவற்றைக் கூட்டி மணி நேரத்தால் பெருக்குங்கள். உதாரணமாக 40 ஆம்பியரில் பாதி 20, அதோடு 3, அதோடு 5, ஆக 28 ஆம்பியர். 1 மணி நேரத்துக்கு 28 ஆம்பியர்-மணி, 6 மணி நேரத்துக்கு 168. பேட்டரி மேல் அச்சிட்ட திறன் மெதுவாகக் காலி செய்யும்போது கிடைப்பது. வேகமாக இழுத்தால் குறையும், வயதானால் இன்னும் குறையும். எனவே கணக்குக்குச் சரியாகப் பொருந்தும் பேட்டரி உண்மையில் போதாது.

தினசரி சோதனை இப்படி:

அ) சார்ஜர் ஓடும்போது வோல்டேஜைக் குறியுங்கள். மிதவைச் சார்ஜில் (நிரம்பிய பேட்டரியை நிரம்பியபடியே வைத்திருக்கும் சார்ஜ்) ஏறத்தாழ 27 வோல்ட் இருக்கும்.

ஆ) சார்ஜரின் ஏசி இணைப்பை நிறுத்துங்கள். சில நிமிடங்கள் பொறுத்து மறுபடி பாருங்கள். முழுச் சார்ஜில் உள்ள ஆரோக்கியமான தொகுதி ஏறத்தாழ 25.4 வோல்ட்டில் நிற்கும். பொறுக்காமல் உடனே அளந்தால் தட்டுகளின் மேல் தங்கிய சார்ஜ் அதிக எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

இ) சுமை கொடுங்கள். எம்எஃப்/எச்எஃப்பை ஒரு வேலை அலைவரிசையில் வைத்து, யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதிசெய்து, கப்பல் பெயரைச் சொல்லிச் சில வினாடிகள் அனுப்புங்கள். அப்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இறக்கம் 2 வோல்ட்டைத் தாண்டினாலோ, போன மாதத்தைவிடத் தெளிவாகக் கூடியிருந்தாலோ, ஒரு செல்லோ ஒரு முனையோ கெட்டுவருகிறது. துறைமுகத்தில் இந்தப் படியை விட்டுவிட்டு, ரேடியோ மேசையின் எமர்ஜென்சி விளக்கையும் மற்றச் சுமைகளையும் போட்டுப் பாருங்கள்.

ஈ) சார்ஜரைத் திரும்பப் போடுங்கள். இதை மறப்பதுதான் இந்தப் பகுதியிலேயே அதிகம் நடக்கும் தவறு. காலையில் மறந்தால் இரவு வாட்சில் அலாரம் அடிக்கும்போதுதான் தெரியவரும். சோதனை செய்தவரே, ஆம்பியர் மீட்டர் முள் நகர்வதைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

மாதம் ஒருமுறை பேட்டரிப் பெட்டியைத் திறங்கள். முதலில் காற்றோட்டம், பிறகுதான் விளக்கு. சார்ஜாகும் பேட்டரி ஹைட்ரஜனை விடும். திறந்த வகைப் பேட்டரியில் ஒவ்வொரு செல்லின் ஒப்படர்த்தியையும் (தண்ணீரோடு ஒப்பிட்ட அமில அடர்த்தி) ஹைட்ரோமீட்டரில் அளந்து, வெப்பநிலையோடு எழுதுங்கள். முழுச் சார்ஜில் 1.250 முதல் 1.280 வரை இருக்கும். செல்லுக்குச் செல் 0.050 வித்தியாசம் வந்தால் குறைவாகக் காட்டும் செல் போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள். ஊற்றிய நீர் மேலேயே நிற்பதால் நல்ல செல்லும் கெட்டதாகத் தெரியும். சார்ஜான பிறகு ஊற்றுங்கள், முன்பே நிரப்பினால் சார்ஜாகும்போது அமிலம் வழியும். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். முனைகளைச் சுத்தம் செய்து, இறுக்கி, அதன்பின் வாசலின் பூசுங்கள். பூசிய பிறகு இறுக்கினால் இடையில் வாசலின் மாட்டிக்கொள்ளும்.

மூடிய வகைப் பேட்டரியில் ஒப்படர்த்தி பார்க்க வழியில்லை. அங்கே வோல்டேஜும் திறன் சோதனையும்தான் சாட்சி. எந்த வகையானாலும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது, கப்பல் கடலில் இல்லாதபோது, திறனைச் சோதிக்க வேண்டும். காலியான பேட்டரியைச் சார்ஜர் 10 மணி நேரத்துக்குள் தேவையான அளவுக்கு நிரப்புகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

3. ஆண்டெனாவும் எர்த்தும்

மாதம் ஒருமுறையும், கடுமையான கடலைக் கடந்த பிறகும் பாருங்கள்.

எம்எஃப்/எச்எஃப் ஆண்டெனாவின் அடி இன்சுலேட்டரில் உப்பும் புகைக்கரியும் படியும். அதை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்புப் படலம் ஈரமானால் மின்சாரம் கடத்தும், சக்தி வானத்துக்குப் போகாமல் டெக்கில் இறங்கிவிடும். பெயின்ட் அடிப்பவர்கள் இன்சுலேட்டருக்கும் சேர்த்து அடித்துவிடுவது உண்டு. டெக் பெயின்ட் வேலை முடிந்ததும் ஒரு சுற்றுப் போய்வருவது நல்லது.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்எஃப்பின் அபாய அழைப்பு அலைவரிசையான 2187.5 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 137 மீட்டர். அதற்கு முன்னால் கப்பலின் சில மீட்டர் நீள விப் (நெட்டுக்குத்துக் கம்பி) ஆண்டெனா மிகச் சிறியது. ஆண்டெனா டியூனர் (ஆண்டெனாவை அலைவரிசைக்குப் பொருத்தும் கருவி) ஈடுகட்டினாலும், மின்சாரம் திரும்பிவரும் பாதை டியூனரின் செப்புப் பட்டைதான். அந்தப் பட்டையின் போல்ட் துருப்பிடித்தால் மேல் பேண்டுகள் எல்லாம் ஒழுங்காக டியூன் ஆகும், 2 மெகாஹெர்ட்ஸ் மட்டும் அடம்பிடிக்கும். இந்த அறிகுறி வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே காப்புப் பூச்சு கொடுங்கள்.

விஎச்எஃப்பில் எதிரி வேறு: கோஆக்சியல் கேபிளுக்குள் தண்ணீர். ஆண்டெனா அடியிலுள்ள பிஎல்-259 கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சை நிறமோ, கேபிளின் பின்னல் கறுப்பாகவோ இருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டிப் புதுக் கனெக்டர் போட வேண்டும். ரப்பர் டேப்பை இழுத்து நீட்டி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மடிப்புகள் ஓட்டுக்கூரை போல நீரை வெளியே தள்ளும். மேலிருந்து கீழாகச் சுற்றியது நீரை உள்ளே வாங்கும்.

எஸ்டபிள்யூஆர் 1.5க்குள் இருந்தால் நல்லது. 2ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: கேபிளில் இழப்பு அதிகமானால் திரும்பிவரும் சக்தியும் வழியிலேயே கரைந்து, கீழே வைத்த மீட்டரில் எஸ்டபிள்யூஆர் அழகாகத் தெரியும். எண் நன்றாக இருந்தும் தூரம் கிடைக்கவில்லையென்றால் ஆண்டெனா அடியிலேயே அளக்க வேண்டும்.

4. விஎச்எஃப்

டிஎஸ்சி (பொத்தானால் அனுப்பும் டிஜிட்டல் அழைப்பு) உள்சோதனையைத் தினமும் செய்யுங்கள், அதில் அலை வெளியே போகாது. பிறகு கருவியில் தெரியும் எம்எம்எஸ்ஐ எண் (கப்பலின் ரேடியோ அடையாளம்), இருப்பிடம், யுடிசி (உலகப் பொது) நேரம் மூன்றையும் பாருங்கள். ஜிபிஎஸ் இணைப்பு அறுந்த அலாரத்தை யாரோ அமைதிப்படுத்திவிட்டு மறந்திருக்கலாம். ஜிபிஎஸ் வராவிட்டால் இருப்பிடத்தைக் கையால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். பழைய இருப்பிடத்தோடு போகும் அபாய அழைப்பு, தேடுபவர்களைத் தவறான கடலுக்கு அனுப்பிவிடும்.

குரல் சோதனைக்கு 16ஆம் சேனல் கூடாது, அது அபாயத்துக்கும் அழைப்புக்கும் உரியது. கப்பலுக்குக் கப்பல் என்றால் 6, 8, 72, 77 போன்ற ஒற்றை அலைவரிசைச் சேனல் ஒன்றைத் தேர்ந்து, 25 வாட்டிலும் 1 வாட்டிலும் பேசிப் பாருங்கள். 70ஆம் சேனலில் குரலே கூடாது, அது டிஎஸ்சிக்கு மட்டும்.

"ரேடியோ செத்துப்போச்சு" என்று வரும் புகார்களில் கோளாறே இல்லாதவை இரண்டு. ஒன்று, ஸ்கெல்ச்சை (இரைச்சலைத் தடுக்கும் திருகி) அளவுக்கு மீறித் திருகியிருப்பார்கள், பலவீனமான குரல் உள்ளேயே வராது. இரைச்சல் கேட்கும்வரை திறந்து, இரைச்சல் நிற்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். இரண்டாவது, அமெரிக்கத் துறைமுகத்துக்காக மாற்றிய சேனல் முறையைச் சர்வதேச முறைக்குத் திருப்பியிருக்க மாட்டார்கள். சில சேனல்களில் கரை நிலையம் அனுப்பும் அலைவரிசையும் நீங்கள் கேட்கும் அலைவரிசையும் வேறாகிவிடும்.

5. எம்எஃப்/எச்எஃப்பும் வாராந்திர டிஎஸ்சி அழைப்பும்

இதுதான் உண்மையில் தோற்கக்கூடிய சோதனை, அதனாலேயே மதிப்புள்ளது. வாரம் ஒருமுறை, கரை நிலையத்தின் எல்லைக்குள் இருக்கும்போது, 2187.5 கிலோஹெர்ட்ஸில் டெஸ்ட் அழைப்பு அனுப்ப வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் எல்லைக்கு வெளியே இருந்தால், முதலில் கிடைக்கும் வாய்ப்பில்.

முதலில் அலைவரிசை காலியா என்று கேளுங்கள். மெனுவில் டெஸ்ட் அழைப்பைத் தேர்ந்து, 00 என்று தொடங்கும் கரை நிலைய எம்எம்எஸ்ஐயை இடுங்கள். அனுப்பியபின் பதிலுக்கு ஓரிரு நிமிடம் காத்திருங்கள். பொறுமையில்லாமல் திரும்பத் திரும்ப அனுப்புவது அபாய அலைவரிசையை அடைப்பதாகும்.

பதில் வரவில்லையென்றால் இந்த வரிசையில் தேடுங்கள். அந்த நிலையம் உண்மையில் அந்த அலைவரிசையைக் கவனிக்கிறதா? நிலையப் பட்டியலின் கடைசிப் பதிப்பில் பாருங்கள், மூடப்பட்ட நிலையங்களுக்கு அழைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. தூரம் 100 முதல் 150 கடல் மைலுக்குள்தானா? டியூனர் டியூன் ஆனதா, ஆண்டெனா கரண்ட் முள் எழுந்ததா? மற்றொரு நிலையத்துக்கோ 8414.5இலோ முயன்றால் என்ன ஆகிறது? எச்எஃப்பில் பதில் வந்து 2 மெகாஹெர்ட்ஸில் வரவில்லையானால் மூன்றாம் பகுதியில் சொன்ன எர்த்துக்குத் திரும்புங்கள்.

எச்எஃப் உள்ள கப்பலில் கண்காணிப்பு ரிசீவர் 2187.5, 8414.5 இரண்டையும், 4207.5, 6312, 12577, 16804.5 ஆகியவற்றில் குறைந்தது ஒன்றையும் சுற்றிவர வேண்டும். பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மென்பொருளை மீட்டமைத்தபின் இந்தப் பட்டியல் காலியாகிக் கிடக்கலாம்.

6. இன்மார்சாட்-சி, நாவ்டெக்ஸ்

இன்மார்சாட்-சியில் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) சரியான கடல் மண்டலத்தில் லாக்-இன் ஆகியிருக்கிறதா, கப்பல் போகும் நாவேரியா (கடல் எச்சரிக்கைப் பகுதி) எண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கருவியை அணைக்கும் முன் லாக்-அவுட் செய்யுங்கள். செய்யாவிட்டால் நெட்வொர்க் கப்பலை இன்னும் இணைப்பில் இருப்பதாகவே நினைத்துச் செய்திகளை அனுப்பித் தோற்கும். இணைப்புச் சோதனையின் நடுவில் சில கருவிகள் டெஸ்ட் அபாய அழைப்பை அனுப்பச் சொல்லிக் கேட்கும். திரையில் அந்தக் கோரிக்கை இருக்கும்போது மட்டுமே பொத்தானை அழுத்துங்கள். அந்தக் கோரிக்கை இல்லாதபோது அழுத்தினால் அது உண்மையான அழைப்பு.

நாவ்டெக்ஸை (கடல் எச்சரிக்கைகளை எழுத்தாக வாங்கும் ரிசீவர்) புறப்பட 4 மணி நேரம் முன்பே போட்டுவையுங்கள். நிலையங்கள் முறைவைத்து ஒலிபரப்புவதால், கடைசி நேரத்தில் போட்டால் எச்சரிக்கைகளைத் தவறவிடுவீர்கள். 518 கிலோஹெர்ட்ஸ் எப்போதும் இருக்க வேண்டும். காகிதச் சுருள் உள்ள கருவியானால் தினமும் சுருளைப் பாருங்கள்.

7. எபிர்ப்

எபிர்ப் என்பது கப்பல் மூழ்கினால் தானே மிதந்து எழுந்து அபாயச் சமிக்ஞை அனுப்பும் கருவி. மாதாந்திர சோதனையில் எபிர்ப்பைப் பிராக்கெட்டிலிருந்து எடுக்கும்போது கை காய்ந்திருக்கட்டும். பிராக்கெட்டிலுள்ள காந்தம்தான் அதைத் தூங்கவைக்கிறது. வெளியே எடுத்தபின் ஈரம் இரண்டு நீர் முனைகளையும் இணைத்தால் அது கடலில் விழுந்ததாகவே நினைத்து அலற ஆரம்பிக்கும். டெஸ்ட் சுவிட்சைத் தயாரிப்பாளர் சொன்ன நேரம் மட்டும் பிடித்து, விளக்குகளின் வரிசையைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். அடிக்கடி சோதிப்பது 48 மணி நேரத்துக்கான பேட்டரியைத் தின்னும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை இதைவிட முக்கியம்:

- பேட்டரி காலாவதித் தேதி, ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸின் (கப்பல் மூழ்கும்போது எபிர்ப்பை விடுவிக்கும் கருவி) காலாவதித் தேதி. வழக்கமான ரிலீஸின் ஆயுள் பொருத்தியதிலிருந்து 2 ஆண்டு. பொருத்தும்போதே மாதமும் ஆண்டும் அதன்மேல் குறிக்கப்பட வேண்டும்.
- ரிலீஸ் மேல் பெயின்ட் படக் கூடாது. 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தத்தில் வெட்ட வேண்டிய கத்தி ஒட்டிக்கொள்ளும்.
- கட்டுக்கயிறு கப்பலில் எங்கும் கட்டப்படக் கூடாது. "காற்றில் பறந்துவிடும்" என்று யாரோ நல்ல மனதோடு ரெய்லிங்கில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். கப்பல் மூழ்கினால் எபிர்ப்பும் கூடவே போகும். அந்தக் கயிறு உயிர்ப்படகிலோ மிதப்பவரிடமோ கட்டுவதற்கு.
- எபிர்ப் மிதந்து எழும் பாதையில் தலைக்கு மேல் கம்பியோ தார்ப்பாயோ இல்லையா?
- மேல் எழுதிய 15 எழுத்து அடையாள எண்ணும் எம்எம்எஸ்ஐயும் பதிவுச் சான்றோடு பொருந்துகின்றனவா? கப்பல் கைமாறியோ கொடி மாறியோ இருந்தால் இங்கேதான் பிழை ஒளிந்திருக்கும்.

ஆண்டுச் சோதனையும், 5 ஆண்டுக்குள் கரைப் பணிமனைப் பராமரிப்பும் அங்கீகாரம் பெற்றவர்கள் செய்ய வேண்டியவை.

8. சார்ட்டும் உயிர்ப்படகு ரேடியோவும்

சார்ட் என்பது உயிர்ப்படகின் இடத்தைத் தேடுபவர்களுக்குக் காட்டும் கருவி. ரேடார் சார்ட்டை எக்ஸ்-பேண்ட் ரேடாரில்தான் பார்க்க முடியும், எஸ்-பேண்டில் தேடி "வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். ஒருவர் சார்ட்டோடு டெக்கில், ஒருவர் திரையின் முன். தூரத்தில் 12 புள்ளிகளாகத் தெரிவது இவ்வளவு பக்கத்தில் வட்டங்களாக விரியும். சில வினாடிகளில் அணைத்துவிடுங்கள். ஏஐஎஸ் (கப்பல்களின் தானியங்கி அடையாள முறை) வகையானால் 970 என்று தொடங்கும் எண்ணும் "சார்ட் டெஸ்ட்" என்ற வாசகமும் வரும். "ஆக்டிவ்" என்று வந்தால் தவறான சுவிட்சைத் தொட்டுவிட்டீர்கள்.

கைரேடியோக்களை 16 அல்லாத சேனலில், சார்ஜ் ஏற்றும் பேட்டரியோடு சோதியுங்கள். அவசரத்துக்கான லித்தியம் பேட்டரியின் முத்திரை உடையக் கூடாது. முத்திரை உடைந்தது எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

9. தவறுதலாக அபாய அழைப்பு போய்விட்டால்

ஒளிக்காதீர்கள். தெரிவித்து ரத்து செய்தவர்மேல் பொதுவாக நடவடிக்கை இருக்காது என்று சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது.

முதலில் கருவியை ரீசெட் செய்யுங்கள். டிஎஸ்சி அழைப்பு பதில் வரும்வரை ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு ஒருமுறை தானே திரும்பப் போகும். அதை நிறுத்தாமல் மன்னிப்புக் கேட்பதில் பயனில்லை. பிறகு விஎச்எஃப் என்றால் 16இல் "ஆல் ஸ்டேஷன்ஸ்" மூன்று முறை, கப்பல் பெயர், கால் சைன், எம்எம்எஸ்ஐ, இருப்பிடம், எந்தத் தேதி, எந்த யுடிசி நேரத்து அழைப்பை ரத்து செய்கிறீர்கள் என்பது. எம்எஃப் என்றால் 2182இல். எச்எஃப்பில் அழைப்பு போன ஒவ்வொரு பேண்டிலும் தனித்தனியாக: 4125, 6215, 8291, 12290, 16420. ஒரு பேண்டில் மட்டும் ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மற்ற பேண்டில் கேட்டவர் இன்னும் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார். எபிர்ப் என்றால் அணைத்துவிட்டு, அடையாள எண்ணோடு மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் சொல்லுங்கள்.

10. பதிவேட்டில் எழுதுவது

"பேட்டரி ஓகே" என்று எழுதாதீர்கள். "சார்ஜரோடு 27.1, சார்ஜர் இன்றி 25.4, சுமையில் 24.2, சார்ஜர் திரும்பப் போடப்பட்டது" என்று எழுதுங்கள். வாராந்திர அழைப்புக்கு நேரம், அலைவரிசை, நிலையம், பதில் வந்ததா என்பது. வராவிட்டால் வரவில்லை என்றே எழுதி, அடுத்து என்ன பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள். நேரம் எப்போதும் யுடிசி. எபிர்ப், சார்ட், ரிலீஸ், லித்தியம் பேட்டரி ஆகியவற்றின் காலாவதித் தேதிகளை ஒரே தாளில் எழுதிப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒட்டிவையுங்கள். உதிரிப்பொருள் எந்தத் துறைமுகத்தில் கிடைக்கும் என்று 3 மாதம் முன்பே கேட்க அது உதவும்.